ஃபிலிம் எக்ஸ்ரே மெஷினுக்கு டிஆர் பேனல்: பொருத்துவது எளிது, பழக்குவதுதான் வேலை

ஃபிலிமில் ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்ரே அறையை டிஜிட்டலுக்கு மாற்ற, மெஷினையே மாற்ற வேண்டியதில்லை. டியூப், ஜெனரேட்டர், டேபிள், செஸ்ட் ஸ்டாண்டு எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, கேசட் நுழைந்த தட்டில், எக்ஸ்ரேயை நேரே டிஜிட்டல் படமாக்கும் வயர்லெஸ் டிஆர் (டிஜிட்டல் ரேடியோகிராஃபி) பேனல் நுழைகிறது. டார்க் ரூம் செய்த வேலையை ஒரு கன்சோல் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. ரெட்ரோஃபிட் என்ற பெயரில் விற்கப்படும் இந்தத் தொகுப்பைப் பற்றியதுதான் இந்த விமர்சனம். ஒரு கம்பெனியின் ஒரு மாடலை மட்டும் எடுத்துப் பேசினால் மற்றவர்களுக்குப் பயன்படாது என்பதால், எந்த மாடலை வாங்கினாலும் எதிர்ப்படும் விஷயங்களையே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். டெவலப்பர் கலக்குவது, ஃபிக்ஸர் நாற்றம், ஈர ஃபிலிமை ஹேங்கரில் தொங்கவிட்டுக் காத்திருப்பது எல்லாம் போய், எக்ஸ்போஸ் செய்த சில நொடிகளில் படம் திரையில் நிற்கிறது. ஆனால் ஃபிலிம் இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. எம்ஏஎஸ் (எம்ஏ எனும் டியூப் மின்னோட்டத்தை எக்ஸ்போஷர் நேரத்தால் பெருக்கியது) கூடினால் படம் கருத்துவிடும், குறைந்தால் வெளுத்துவிடும். கதிரின் அளவு தவறியதை வியூ பாக்ஸில் மாட்டிய மறுநொடியே யாரும் சொல்லிவிடலாம். பேனல் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. இரண்டு மடங்கு கதிர் போனாலும் நல்ல படம் வரும், நான்கு மடங்கு போனால் இன்னும் வழவழப்பாக வரும். நோயாளி மேல் எவ்வளவு விழுந்தது என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது. ஆகவே தவறைக் காட்டிக்கொடுக்க இந்தத் தொகுப்பில் என்ன வசதி இருக்கிறது, அதை எவ்வளவு ஒழுங்காக அமைத்துத் தருகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பளபளக்கும் டெமோ படம் எதற்கும் சாட்சியாகாது.

பேனல்

35 × 43 செ.மீ. பேனலின் வெளிக்கூடு பொதுவாக 38.4 × 46 செ.மீ., தடிமன் 1.5 செ.மீ. வரும். ஃபிலிம் கேசட்டுக்கான ஐஎஸ்ஓ 4090 அளவை ஒட்டிச் செய்யப்படுவதால் பழைய பக்கி (டேபிளிலும் ஸ்டாண்டிலும் கேசட்டையும் கிரிட்டையும் தாங்கும் அமைப்பு) தட்டில் உட்காரும். ஆனாலும் தட்டை இழுத்து, பேனலை வைத்து, பிடிகளை இறுக்கிப் பார்த்துவிட வேண்டும். எடை சுமார் 3 கிலோ. பல வருடம் உழைத்துத் தேய்ந்த ஸ்பிரிங், செஸ்ட் ஸ்டாண்டில் செங்குத்தாக நிற்கும் பேனலைப் பிடித்துக்கொள்ளாமல் நழுவவிடக்கூடும். பிடியின் தாடை பேட்டரி மூடியின் மேல் அழுத்தினால் இணைப்பு விட்டுவிட்டு வரும், எக்ஸ்போஸ் நடுவில் பேனல் அணைந்துவிடும். புதுத் தட்டு வாங்கும் செலவு, பேனல் ஒரு முறை கீழே விழும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

உள்ளே என்ன பூச்சு என்பது அடுத்த கேள்வி. சீசியம் அயோடைடு ஊசி ஊசியாக வளர்க்கப்பட்ட படிகம். கதிர் பட்டு எழும் ஒளி அந்த ஊசிக்குள்ளேயே நேராக இறங்கி அடியிலுள்ள சிலிக்கான் டையோடைச் சேர்கிறது, பக்கவாட்டில் பரவுவது குறைவு. அதனால் பூச்சைத் தடிமனாக வைத்தாலும் படம் மங்காது, பிடிக்கும் கதிரும் கூடும். கடோலினியம் ஆக்ஸிசல்ஃபைடு, ஃபிலிம் கேசட்டின் பச்சை ஸ்கிரீனில் இருந்த அதே பொடி. அதில் ஒளி சிதறும், எனவே மெல்லியதாகத்தான் பூச முடியும். கதிரைப் படமாக்கும் திறனை டிக்யூஇ என்ற எண்ணால் அளக்கிறார்கள். சீசியம் பேனலில் அது சுமார் 60 முதல் 70 சதவீதம் வரை போகிறது. கடோலினியப் பேனலில் சுமார் 30 முதல் 40 சதவீதம். ஃபிலிமும் ஸ்கிரீனும் சேர்ந்து தந்தது 20 முதல் 30 சதவீதத்துக்குள்தான்.

எங்கள் பரிந்துரை சீசியம்தான். குழந்தைகளும் மார்பு எக்ஸ்ரேயும் அதிகம் வரும் இடத்தில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கை கால் எலும்பு மட்டும் எடுக்கும் அறைக்குக் கடோலினியம் போதும். ஆனால் ‘டிஆர் வந்தால் பாதி டோஸ் போதும்’ என்று எங்கோ கேட்டதை நம்பிக் கடோலினியப் பேனலில் எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கினால், இடுப்பு, முதுகுப் படங்களில் மணல் தூவியதுபோல் இரைச்சல் வந்து நிற்கும். அந்த வாக்கியம் சீசியத்துக்குச் சொன்னது.

பிக்ஸல் அளவுக்கு விற்பனையாளர்கள் கொடுக்கும் முக்கியத்துவம் கொஞ்சம் அதிகம். 140 மைக்ரான் பிக்ஸல் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் 3.5 ஜோடிக் கோடுகள்தான் பிரித்துத் தெரியும். நல்ல ஃபிலிம் கேசட் அதைவிட நுணுக்கமாகவே பிரித்துக் காட்டியது, இதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தும் பெரும்பாலான படங்களில் கண்ணுக்குத் தப்புவது நுணுக்கத்தால் அல்ல, இரைச்சலாலும் கான்ட்ராஸ்ட் குறைவாலும்தான், அந்த இரண்டிலும் பேனல் முந்துகிறது. மணிக்கட்டு, விரல் எலும்புகளில் மயிரிழை முறிவு தேடுவதே பிரதான வேலை என்றால் மட்டும் 100 மைக்ரான் பேனல் கேளுங்கள்.

பேனலுக்கு எக்ஸ்ரே வருவது எப்படித் தெரியும்?

இரண்டு வழி. ஒன்று, ஜெனரேட்டரோடு வயர் இணைப்பு: கைச்சுவிட்சின் முதல் அழுத்தத்தில் பேனல் தயாராகிறது, தயார் என்று பதில் வந்த பிறகே கதிர் கிளம்புகிறது. மற்றொன்று தானுணர்வு: வயர் ஏதும் இல்லை, கதிர் மேலே பட்டதும் பேனல் தானே விழித்துப் படம் எடுக்கிறது. பழைய மெஷினைத் திறக்கவே வேண்டாம் என்பதால் ரெட்ரோஃபிட்டில் இரண்டாவதையே முன்னால் வைக்கிறார்கள்.

தானுணர்வு பெரும்பாலும் வேலை செய்யும். எங்கே செய்யாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். விரல் நுனியைப் பேனலின் மூலையில் வைத்து காலிமேட்டரை (கதிர் விழும் பரப்பை அளவாக்கும் மூடி) சுருக்கி எடுத்தால், உணரும் பகுதி மேல் கதிர் படாமல் போய்ப் படமே வராது, நோயாளிக்குக் கதிர் மட்டும் மிஞ்சும். பருமனான உடம்பில் லம்பார் லேட்டரல் (கீழ் முதுகெலும்பின் பக்கவாட்டுப் படம்) எடுக்கும்போது பேனலை எட்டும் கதிர் மெலிந்திருக்கும், விழிப்பு தாமதமாகும். குறைந்த எம்ஏ கொண்ட பழைய போர்ட்டபிள் மெஷினில் எக்ஸ்போஷர் நேரம் நீளும். பேனல் திரட்டும் நேரம் அதைவிடக் குறைவாக அமைந்திருந்தால் படத்தின் ஒரு பகுதியில் பட்டை விழும். ஒற்றை ஃபேஸ் ஜெனரேட்டரின் கதிர் துடிப்புத் துடிப்பாக வருவதால், முதல் துடிப்போடு கதிர் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும் பேனல்களும் உண்டு. ஸ்ட்ரெச்சர் இடித்த அதிர்ச்சியையே எக்ஸ்ரே என்று நினைத்து விழித்துக்கொள்வதும் நடக்கிறது.

ஆகவே நிலையான அறைக்கு வயர் இணைப்பு, போர்ட்டபிளுக்குத் தானுணர்வு. ஒரே பேனலில் இரண்டும் இருக்கட்டும். டெமோவின்போது மார்பு எக்ஸ்ரே எடுத்துக் காட்டுவார்கள், அது எல்லாப் பேனலிலும் வரும். மூலையில் 5 × 5 செ.மீ. அளவுக்குச் சுருக்கி 45 கேவியில் (டியூப் மின்னழுத்தம்) ஒன்று, 20 செ.மீ. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டிக்குக் கீழே மெஷினின் மிக நீண்ட நேரத்தில் ஒன்று எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

வைஃபை பற்றி ஒரு வரி: ஈயச் சுவருக்கு வெளியே ஆக்ஸஸ் பாயின்ட் வைத்தால் சிக்னல் தடுமாறும். அறைக்குள்ளேயே, பேனலுக்குத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். இணைப்பு அறுந்தாலும் படம் பேனலின் நினைவகத்தில் தங்கி, பிறகு கன்சோலுக்கு வர வேண்டும். இது இல்லாத பேனலை வார்டுக்கு எடுத்துப் போகக்கூடாது.

காலிபிரேஷன் நாள்

பேனலின் லட்சக்கணக்கான பிக்ஸல்கள் எல்லாம் ஒரே மாதிரி உணர்வதில்லை. கதிரே இல்லாமல் எடுக்கும் இருட்டுப் படத்தைக் கழித்து, சீரான கதிரில் எடுத்த வெற்றுப் படத்தால் வகுத்து, செத்த பிக்ஸல்களை அண்டையிலிருந்து நிரப்பித்தான் கன்சோல் படத்தைத் தருகிறது. அந்த வெற்றுப் படம் எடுக்கப்படும் அரை மணி நேரத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

பேனல் சூடாக சுமார் அரை மணி நேரம் விட வேண்டும். குளிர்ந்த பேனலில் எடுத்த இருட்டுப் படம் மதியத்துக்குள் பொய்யாகிவிடும். சிதறல் கதிரைத் தடுக்கும் ஈயக் கோட்டுத் தகடான கிரிட்டைக் கழற்ற வேண்டும். 21 மி.மீ. அலுமினியத் தகட்டைக் காலிமேட்டரின் வாயில் மாட்டி, சுமார் 70 கேவியில், டியூப்பை முடிந்தவரை தூரத்துக்கு, 180 செ.மீ.க்குக் கொண்டுபோய் எடுப்பது வழக்கம். கேவியும் தகடும் மாடலுக்கு மாடல் சற்று மாறலாம், தூரம் மட்டும் குறையக்கூடாது. டியூப்பின் ஆனோடு பக்கம் எப்போதும் கதிர் கொஞ்சம் குறைவு. 100 செ.மீ.யில் நின்று காலிபிரேட் செய்தால் அந்தச் சரிவு அப்படியே பேனலுக்குள் பதிந்து, பேனலைத் திருப்பி வைக்கும் நாளெல்லாம் படத்தின் ஒரு பக்கம் மங்கலாக வரும்.

இன்னொன்று, மிக எளிதாக நடப்பது. காலிமேட்டரின் பிளாஸ்டிக் மேல் என்றோ தெறித்துக் காய்ந்த கான்ட்ராஸ்ட் துளி ஒன்று, அரை மிளகு அளவு. அது இருக்கும்போதே காலிபிரேட் செய்தால், அந்த இடத்தில் கதிர் குறைகிறது என்று கணக்கு அதைத் தூக்கிக் கொடுக்கும். படத்தில் ஒன்றும் தெரியாது. அடுத்த வாரம் யாராவது ஈரத்துணியால் துடைத்துவிட்டால், அன்றிலிருந்து எல்லாப் படத்திலும் அதே இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. பேனல் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குப் போன் போகும். துடைத்துவிட்டு மறுபடி காலிபிரேட் செய்தால் போதும். முடிந்ததும் வெறும் அலுமினியத்தோடு ஒரு படம், பேனலை 180 டிகிரி திருப்பி இன்னொரு படம் எடுத்து, திரையில் விண்டோவை (காட்டும் சாம்பல் நிற வீச்சை) குறுக்கிக் கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் கையெழுத்துப் போடலாம். இந்த வேலையை மருத்துவமனையே செய்துகொள்ள கன்சோலில் அனுமதி இருக்கிறதா, சர்வீஸ் பாஸ்வேர்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்களா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

கன்சோல் ஓரத்தில் இரண்டு எண்கள்

இந்தத் தொகுப்பில் எங்களுக்கு மிக முக்கியமாகப்படும் பாகம் இதுதான், பெரும்பாலான அறைகளில் யாரும் பார்க்காமல் விடுவதும் இதைத்தான்.

முன்பு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஃபுஜியின் எஸ் எண், கதிர் இரட்டித்தால் பாதியாகும். கோடாக்கின் எண், கதிர் இரட்டித்தால் 300 கூடும். ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குப் போன டெக்னீஷியன் தலைகீழாகப் படிக்க வேண்டியிருந்தது. 2008இல் வந்த ஐஇசி 62494-1 தரம் இதை ஒழுங்குபடுத்தியது. எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் என்ற இஐ எண், பேனலை எட்டிய கதிரை மைக்ரோகிரே என்ற அலகில் எடுத்து 100ஆல் பெருக்கினால் வருவது. 2.5 மைக்ரோகிரே என்றால் இஐ 250. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஓர் இலக்கு எண் வைக்கப்படும். எடுத்த படம் அந்த இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்பதே டீவியேஷன் இண்டெக்ஸ் என்ற டிஐ. பூஜ்ஜியம் என்றால் சரி. +3 என்றால் இரு மடங்கு, −3 என்றால் பாதி. +1 என்றால் 26 சதவீதம் கூடுதல்.

ஒரு மார்பு எக்ஸ்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் நுரையீரல் நாளங்கள் ஓரம் வரை தெளிவு, இதயத்தின் பின்னால் முதுகெலும்புகூடத் தெரிகிறது, குறை சொல்ல எதுவுமே இல்லை. ஓரத்தில் டிஐ +4.5. தேவைக்கு ஏறத்தாழ 2.8 மடங்கு கதிர் அந்த உடம்பு வழியாகப் போயிருக்கிறது. ஃபிலிமாக இருந்தால் இது தார் பூசியதுபோல் கறுத்து வந்திருக்கும், உடனே எம்ஏஎஸ் குறைந்திருக்கும். இங்கே படத்தைப் படிக்கும் டாக்டர் ‘நல்ல படம்’ என்பார். மாறாக டிஐ −2 படத்தில் இரைச்சலைப் பார்த்து முகம் சுளிப்பார். பாராட்டு ஒரு பக்கமும் திட்டு மறு பக்கமும் விழும்போது, டெக்னீஷியன் மாதத்துக்கு மாதம் எம்ஏஎஸ்ஸை ஏற்றிக்கொண்டே போவது இயல்புதான். டோஸ் ஏற்றம் என்று உலகெங்கும் பேசப்படுவது இதுவே. இது யாருடைய அலட்சியமும் அல்ல, காட்டிக்கொடுக்கும் கருவி போய்விட்டதால் வரும் விளைவு.

ஆகவே இலக்கு எண்ணை நிறுவும் நாளிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். ஒரு கணக்கு உதவும்: 400 ஸ்பீடு (இந்த எண் கூடினால் குறைந்த கதிரே போதும்) ஃபிலிம் கேசட்டுக்குத் தேவைப்பட்டது சுமார் 2.5 மைக்ரோகிரே, 200 ஸ்பீடுக்கு 5. சீசியப் பேனலில் மார்புக்கு இலக்கை 500 என்று வைத்தால், புதுக் கருவி வாங்கி 200 ஸ்பீடு காலத்துக்குத் திரும்பிப் போகிறோம் என்று அர்த்தம். 250இல் தொடங்கி, படம் படிப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே இறக்கிப் பார்ப்பதுதான் முறை.

எண்ணைப் பார்த்து என்ன செய்வது? −0.5க்கும் +0.5க்கும் நடுவில் இருந்தால் சரி. +1ஐத் தாண்டினால் அடுத்த நோயாளிக்குக் குறைக்க வேண்டும். +3ஐத் தாண்டினாலும், பேனல் நிறைந்து தோல் ஓரமோ நுரையீரலோ வெறும் கறுப்பாகப் போயிருந்தால் தவிர, திரும்ப எடுக்கக்கூடாது. படம் கையில் இருக்கிறது, எண்ணுக்காக இன்னொரு டோஸ் கொடுப்பது தவறு. −1க்குக் கீழே போனால் படிப்பவரிடம் கேட்டு முடிவு செய்யலாம், −3க்குக் கீழே என்றால் திரும்ப எடுப்பதுதான் வழி.

இந்த எண்ணும் ஏமாறும். பட எல்லையைக் கன்சோல் தானே கண்டுபிடித்து அதற்குள்தான் கணக்கிடுகிறது. மூட்டு இம்பிளான்ட், ஈயக் கவசம், ஓரமாக நகர்ந்த காலிமேஷன், முழங்காலை எடுத்துவிட்டு மெனுவில் கணுக்காலைத் தேர்ந்தது, இதில் எது நடந்தாலும் எண் பொருளற்றது. மேலும் இஐ பேனலுக்கு வந்த கதிர்தான், நோயாளி வாங்கிய டோஸ் அல்ல. அதற்கு, டியூப்பிலிருந்து வெளியேறும் கதிரை அளக்கும் டிஏபி மீட்டர் தனியாக வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: டிஐ, ரிஜெக்ட் விவரங்களை மாதாமாதம் ஒரு கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? ஃபிலிம் காலத்தில் கழித்த ஃபிலிம்கள் ஒரு பெட்டியில் குவியும், மாதக் கடைசியில் எண்ணிப் பார்ப்பார்கள். இப்போது ஒரு பட்டனில் காணாமல் போகின்றன. காரணம் கேட்காமல் அழிக்கவிடும் கன்சோலை வாங்காதீர்கள். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 2015 அறிக்கை, பெரியவர்களுக்கு ரிஜெக்ட் விகிதம் 8 சதவீதம் இலக்கு, 10ஐத் தாண்டினால் ஆராய வேண்டும் என்கிறது. ஃபிலிமில் அதிகம் கழிந்தவை கருத்தவையும் வெளுத்தவையும். டிஜிட்டலில் அதிகம் கழிபவை பொசிஷன் தவறியவை. உடனே பார்த்து உடனே திரும்ப எடுக்க முடிவதால், பொசிஷனில் கவனம் குறைகிறது.

மறந்துவிடும் இரண்டு: ஏஇசியும் கிரிட்டும்

பேனல் புதிது, ஆனால் போதுமான கதிர் வந்ததும் தானே நிறுத்தும் ஏஇசி இன்னும் ஃபிலிமுக்காகத்தான் நிறுத்துகிறது. அதை அப்படியே விட்டால் மேலே சொன்ன எண்கள் முதல் நாளிலிருந்தே தடம் புரளும். காரணம் பூச்சுப் பொருளில் இருக்கிறது. கடோலினியம் 50 கேஇவிக்கு (எக்ஸ்ரேயின் ஆற்றல் அலகு) மேலே எக்ஸ்ரேயைத் திடீரென்று அதிகம் பிடிக்கிறது. அயோடினும் சீசியமும் முறையே 33, 36 கேஇவியிலேயே அதைச் செய்கின்றன. ஃபிலிம் கேசட்டுக்காக அமைத்த கேவி ஈடு (கேவி மாறும்போது ஏஇசி செய்யும் திருத்தம்) சீசியப் பேனலுக்குப் பொருந்தாது. 60 கேவியில் சரியாக வந்து 120இல் எங்கோ போகும். 20 செ.மீ. தண்ணீர் அல்லது அக்ரிலிக்கை வைத்து 60, 80, 100, 120 கேவியில் எடுத்தால் இஐ ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஏஇசியின் நடு உணரி, பக்க உணரிகள் மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பேனல் விற்பவர் ‘ஜெனரேட்டர் எங்களுடையது இல்லை’ என்பார், ஜெனரேட்டர் சர்வீஸ்காரர் ‘பேனல் எங்களுடையது இல்லை’ என்பார். யார் செய்வது என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

கிரிட்டில் எண்கணிதம் வேலை செய்யும். 140 மைக்ரான் பேனலில் ஒரு செ.மீ.க்கு சுமார் 71.4 பிக்ஸல். அதன் மேல் செ.மீ.க்கு 70 கோடுள்ள நிலையான கிரிட்டை வைத்தால் வித்தியாசம் 1.4. ஆகவே படத்தில் சுமார் 7 மி.மீ.க்கு ஒன்றாக மங்கலான பட்டைகள் அலையடிக்கும். கோடு அதிகமுள்ள கிரிட்டே நல்லது என்று பொதுவாகச் சொல்வது இங்கே பொருந்தாமல் போகிறது, பேனலின் பிக்ஸலுக்கு ஏற்ற கிரிட் எது என்று தயாரிப்பாளரிடம் கேட்டே வாங்க வேண்டும். அசையும் பக்கியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எம்ஏஎஸ்ஸைக் குறைத்தபின் எக்ஸ்போஷர் நேரம் சுருங்கி, கிரிட் அசைவதற்குள் கதிர் முடிந்துவிட்டால் கோடு அப்படியே பதியும். நேரத்தைக் குறைக்காமல் எம்ஏவைக் குறைத்தால் சரியாகும். குழந்தைகளுக்கும், 10 செ.மீ.க்குக் குறைந்த உறுப்புகளுக்கும் கிரிட்டே வேண்டாம்.

படத்தைத் திருத்தும் மென்பொருள்

ஓரங்களைக் கூர்மையாக்கும் வசதியை அளவோடு வையுங்கள். அதிகமானால் இடுப்பு மூட்டு இம்பிளான்ட்டைச் சுற்றி ஒரு கறுப்பு விளிம்பு தோன்றும், இம்பிளான்ட் தளர்ந்துவிட்டதுபோலத் தெரியும்.

ஃபிலிமில் காலிமேட்டர் மூடிய பகுதி வெள்ளையாக நிற்கும். அந்த வெள்ளை ஓரம்தான் காலிமேஷன் செய்ததற்கு அத்தாட்சி. டிஜிட்டலில் கன்சோல் ஓரத்தைக் கறுப்பாக மூடிவிடும், வேண்டுமானால் கையாலும் வெட்டலாம். குழந்தையின் மார்பு எக்ஸ்ரேயில் தலையும் வயிறும் சேர்ந்தே கதிர் வாங்கியிருந்தாலும், அனுப்பும் படத்தில் மார்பு மட்டும் அழகாக நிற்கும். வெட்டாத மூலப் படத்தைச் சேமிக்கும் கன்சோலையே எடுங்கள், மாதத்துக்கு ஒரு முறையாவது அதை ஒருவர் பார்க்கட்டும்.

வலது, இடது குறிக்கு ஈய எழுத்தை விட்டுவிடக் கூடாது. திரையில் ஆர், எல் ஒட்டும் வசதி எக்ஸ்போஸ் முடிந்த பிறகு நினைவிலிருந்து ஒட்டப்படுவது. கையைப் பேனலில் மறுபுறம் வைத்து எடுத்து, பிறகு படத்தைக் கண்ணாடிபோல் புரட்டி, அதன் மேல் எழுத்து ஒட்டும்போது தவறு நுழைகிறது. கதிரிலேயே பதிந்த ஈய எழுத்து படத்தோடு சேர்ந்தே புரளும், தலைகீழான எழுத்தைப் பார்த்ததும் யாருக்கும் விளங்கும்.

நோயாளியின் பெயரை கன்சோலில் தட்டச்சு செய்யவே கூடாது. பதிவு மேஜையிலிருந்து ஒர்க்லிஸ்ட்டாக வர வேண்டும். ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் பதிந்தால் பேக்ஸ் எனும் படக் காப்பகத்தில் இரண்டு ஆள், பழைய படத்தோடு ஒப்பிட முடியாது. டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரம்) ஒர்க்லிஸ்ட், டைகாம் அனுப்புதல், டைகாம் பிரிண்ட் மூன்றுக்கும் தனித்தனி லைசென்ஸ் கேட்கும் தொகுப்புகள் உண்டு. விலைப்பட்டியலில் மூன்றும் பெயரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சேமிப்பு, திரை, பிரிண்ட்

35 × 43 செ.மீ. படம் 140 மைக்ரானில் 2500 × 3071 பிக்ஸல், சுமார் 15 மெகாபைட். நாளுக்கு 200 படம் என்றால் 3 ஜிகாபைட். இழப்பில்லாச் சுருக்கத்தில் பாதிக்கும் கீழே வரும். இடம் பெரிய பிரச்சினை இல்லை, இரண்டாவது பிரதி இல்லாததுதான் பிரச்சினை. கன்சோலின் டிஸ்க் நிறைந்தால் பழையதை அழித்துக்கொள்ளும், அதைக் காப்பகமாக நம்பக்கூடாது.

படம் படிக்கும் திரை டைகாம் சாம்பல் அளவுக்குக் காலிபிரேட் செய்யப்பட்டு, 350 கேண்டெலா வெளிச்சத்தோடு, மங்கிய அறையில் இருக்க வேண்டும். சோதனைப் படத்தில் 5, 95 சதவீதக் கட்டங்கள் இரண்டும் கண்ணுக்குப் பிரிந்து தெரியாத ஆபீஸ் மானிட்டரில் நியூமோதொராக்ஸின் (நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுவது) மெல்லிய கோடு தெரியப்போவதில்லை. ட்ரை ஃபிலிமில் பிரிண்ட் கொடுத்தால், பெரிய படம் சிறு ஃபிலிமில் சுருங்கும். எலும்பு மருத்துவர் பழக்கத்தில் அதன் மேல் இம்பிளான்ட் அளவு பார்ப்பார். எலும்பின் உயரத்தில் 25 மி.மீ. உலோகக் குண்டு ஒன்றை வைத்து எடுத்தால் அளவை மீட்டுக்கொள்ளலாம்.

சிஆர் போதுமா?

1983இல் ஃபுஜி கொண்டுவந்த சிஆர் (கம்ப்யூட்டட் ரேடியோகிராஃபி), கேசட்டுக்குள் உள்ள பிளேட்டில் பதிந்ததை ரீடர் படிக்கும் முறை; பல கேசட், ஒரு ரீடர் என்ற அமைப்பு. மூன்று அறை, மூன்றிலும் கூட்டம் குறைவு என்றால் இன்றும் நியாயமான தேர்வு. ஆனால் டோஸ் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம், வழக்கமாக 200 ஸ்பீடு ஃபிலிம் அளவுக்குக் கதிர் கேட்கும். எடுத்த பிளேட்டை எட்டு மணி நேரம் வைத்துவிட்டால் பதிந்ததில் கால்வாசி கரைந்துவிடும். ஒரு நாள் சும்மா கிடந்த பிளேட்டை அழித்துவிட்டே பயன்படுத்த வேண்டும், இல்லையேல் அறையில் திரிந்த சிதறல் கதிர் ஃபாக்காக (மங்கலான படலமாக) வரும். பிளேட் நகரும் திசையில் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வெள்ளைக் கோடு வந்தால், பிளேட்டைக் குறை சொல்லாதீர்கள், ரீடருக்குள் ஒளி வாங்கும் பட்டையில் தூசி.

பேனல் விழும் நாள்

பத்து கேசட் இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு பேனல். அது நின்றால் அறையே நிற்கும். வாரண்டியில் கீழே விழுந்த சேதம் அடங்குமா, மாற்றுப் பேனல் எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பேட்டரி மூன்று வைத்துச் சுழற்றுங்கள், உப்பியதை உடனே ஒதுக்குங்கள். வார்டில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டே நோயாளிக்குக் கீழே செருகுங்கள், ஓரத்தின் இடுக்கில் இறங்கும் ரத்தம் பேனலை மெல்ல மெல்லத் தின்றுவிடும். படுக்க வைக்கும்போது எடை பரவியிருந்தால் தாங்கும், முழங்கையை ஊன்றி எழுந்தால் கண்ணாடி அடித்தளம் உள்ள பேனல் உள்ளுக்குள் விரியும், வெளியே கீறல்கூட இருக்காது.

அவசரத்துக்கு என்று சில ஃபிலிம் கேசட்டுகளையும் டார்க் ரூமையும் விட்டுவைக்கும் மருத்துவமனைகள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஏஇசி இப்போது பேனலுக்காகத் திருத்தப்பட்டிருக்கிறது. அதே பட்டனை அழுத்திக் கேசட்டில் எடுத்தால் வெளுத்த ஃபிலிம்தான் வரும். பழைய எம்ஏஎஸ் அட்டவணையைக் கிழித்துப் போடாமல், ‘கேசட்டுக்கு மட்டும், மேனுவலில் மட்டும்’ என்று மேலே எழுதி, கேசட் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.